வலிக்காத ஊசிக்காரர் வாங்கிய போன்

அந்த ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தெட்டு வருடம் ரத்தம் எடுத்த மனிதருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவர் ஊசிக்காரர். நோயாளிகள் இன்னொரு சொல்லையும் முன்னால் சேர்த்துக்கொண்டார்கள். கண்ணாடிக் கதவைத் தள்ளி, தலையை மட்டும் உள்ளே நீட்டி, "வலிக்காத ஊசிக்காரர் இருக்காரா, இல்ல நாளைக்கு வரட்டுமா?" என்று கேட்பார்கள். பக்கத்து நாற்காலியில் ஊசியோடு உட்கார்ந்திருக்கும் இன்னொருவருக்கு முகம் தொங்கிப்போகும். அவரும்தான் பாவம், என்ன செய்வார்?

இதில் மந்திரம் மாயம் ஒன்றும் கிடையாது. மற்றவர்கள் நரம்பைக் கண்ணால் தேடினார்கள், இவர் விரலால் தேடினார். முழங்கை மடிப்பில் இடது கை ஆள்காட்டி விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். மூடிய கண்ணோடு, "வீட்ல இன்னைக்கு என்ன சமையல்?" என்று விசாரிப்பார். நோயாளி பதில் சொல்லி முடிப்பதற்குள் குழாய் நிறைந்திருக்கும். நாள்பட்ட நோயில் நரம்பெல்லாம் உள்ளே ஒளிந்துகொண்டவர்கள், ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிறவர்கள், ஊரைக் கூட்டி அழுகிற குழந்தைகள் எல்லோரும் அவர் வரிசையில்தான் நிற்பார்கள்.

விரலால் பிழைத்த ஆளுக்குக் கண் போனால் என்ன பெரிதாகக் குடிமுழுகிப்போகும் என்று தோன்றலாம். அவரும் அப்படித்தான் நினைத்துக் கொஞ்ச காலம் தன்னையே ஏமாற்றிக்கொண்டார். முதலில் ஓரப் பார்வை போயிற்று. கதவு நிலையில் இடித்துக்கொண்டார், மருந்து வண்டியில் முட்டிக்கொண்டார். "என்னண்ணே, காலையிலேயே ஏத்திக்கிட்டு வந்துட்டீங்களா?" என்று கூட இருந்தவர்கள் கிண்டல் செய்தார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்தறியாத மனிதர், அவர்களோடு சேர்ந்து சிரித்துவைத்தார். கண் மருத்துவர் சிரிக்கவில்லை. விழித்திரை நோய், பரம்பரையாக வருவது, மருந்து கிடையாது, நடுவில் மிச்சமிருக்கும் பார்வையும் இரண்டு மூன்று வருடத்தில் போய்விடும் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

ஊசி கடைசிவரை தப்பவில்லை. தப்பியது பெயர்ச்சீட்டு. ஒருநாள் இரண்டு பேருடைய குழாய்களில் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டார். இயந்திரத்தில் வைக்கும் முன்பே பக்கத்து மேஜைக்காரி பார்த்துச் சரிசெய்துவிட்டாள், ஒருவருக்கும் ஒரு கெடுதலும் நேரவில்லை. ஆனாலும் அவர் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நேராகத் தலைமை மருத்துவரிடம் போனார். "விரல் நல்லாத்தான் இருக்கு சார். ஆனா பேரை விரலால படிக்க முடியலையே" என்றார். அந்த மாதத்தோடு வேலையை விட்டுவிட்டார். கண்ணாடிக் கதவில் தலை நீட்டியவர்கள் வேறு வழியில்லாமல் பக்கத்து நாற்காலிக்குப் போனார்கள்.

அதுவரை அவரிடம் இருந்தது பொத்தான் போன். இனிமேல் பேசுகிற போன் வேண்டும், திரையில் இருப்பதை எல்லாம் வாய்விட்டுப் படித்துச் சொல்கிற போன் வேண்டும் என்று கண் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சொன்னதுதான் தாமதம், வீட்டில் போர் தொடங்கிவிட்டது.

மகள் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி இருந்தாள், ஐபோன் கட்சி. மனைவியின் தம்பி மின்சார வேலை செய்கிறவன், ஊசிக்காரருக்கு மச்சான், ஆண்ட்ராய்டு கட்சி. மனைவியின் கையில் இருந்ததும் ஆண்ட்ராய்டுதான், ஆனால் அவள் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. தபால் நிலையக் கவுண்டரில் வேலை பார்த்தவள், யார் சண்டை போட்டாலும் நடுவில் வாய் கொடுக்காமல் முத்திரை குத்திப் பழகியவள்.

"மாமா, ஐபோன்ங்கிறது பெரிய இடத்து மாப்பிள்ளை மாதிரி. நாம சொல்றது அதுக்குக் காதுல ஏறாது, அது சொல்றதுக்குத்தான் நாம தலையாட்டணும்" என்றான் மச்சான்.

"உங்க ஆண்ட்ராய்டு மட்டும் என்னவாம் மாமா? ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மூலையில சாமானை ஒளிச்சு வச்சிருக்கான். கண்ணு தெரியாத மனுஷர் எங்கேன்னு போய்த் தேடுவார்?" என்றாள் மகள்.

கண் தெரியாத மனுஷர். அந்த வீட்டில் அந்தச் சொல்லை அதுவரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்ன பிறகு மகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள், மச்சான் தன் போனைத் துடைக்க ஆரம்பித்தான். "டீ ஆறுது, முதல்ல குடிங்க எல்லாரும்" என்றாள் மனைவி.

கண் ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் ஒரு பயிற்சி அறை. அங்கே சொல்லித்தருகிற டீச்சருக்குப் பத்து வயதிலேயே பார்வை போயிருந்தது. அவர் மேஜையில் இரண்டு போன்களும் இருந்தன, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. ஊசிக்காரரைக் கண்ணை மூடச் சொல்லி இரண்டையும் மாறி மாறித் தொடச் சொன்னார். விரல் போன இடமெல்லாம் போன் பேசியது. ஊசிக்காரருக்குப் பல மாதங்களுக்குப் பிறகு உற்சாகம் பிடித்துக்கொண்டது.

"விரல் இவ்வளவு சுறுசுறுப்பா இருக்கே, என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார் டீச்சர்.

"ரத்தம் எடுத்தேன் டீச்சர்."

"அதானே பார்த்தேன்."

"ரெண்டுல எது டீச்சர் நல்ல போன்? வீட்ல அடிதடியே நடக்குது."

டீச்சர் சிரித்தார். "எல்லாரும் கேட்கறதுதான். ரெண்டும் பேசும், ரெண்டும் ஒருநாள் இல்ல ஒருநாள் மக்கர் பண்ணும். காலையில எழுந்து தொட்டா ஊமையாக் கிடக்கும். உதவிக்கு ஆளைக் கூப்பிடவும் அதே போன்தானே வேணும்? அப்போ பக்கத்துல இருக்கறவங்கதான் வாங்கிப் பார்த்து சரிபண்ணித் தரணும். தன் போன்ல தினம் பழகினவங்களுக்குத்தான் உங்க போனும் புரியும். அதனால கூட இருக்கறவங்க கையில எது இருக்கோ அதையே வாங்குங்க. அதுவும் கொஞ்சம் பார்வை இருக்கும்போதே ஒண்ணை மட்டும் கத்துக்கணும். நடுவுல மாத்தினா விரல் குழம்பிப்போகும். எது நல்லதுன்னு யோசிக்காதீங்க, இனிமே உங்க பக்கத்துல யார் இருக்கப்போறாங்கன்னு யோசிங்க."

"இதுல யோசிக்க என்ன டீச்சர் இருக்கு?" என்று ஊசிக்காரர் வாயெல்லாம் பல்லாகத் திரும்பினார். "அதான் இதோ நிக்கிறாளே."

பின்னால் மனைவி நின்றிருந்தாள். வெளியே வந்து படி இறங்கும்போதுதான் வாயைத் திறந்தாள். "நீங்க மக வச்சிருக்கறதையே வாங்கிக்கங்க."

"ஏன்? நீ வச்சிருக்கறதுக்கு என்ன?"

"எனக்கு உக்காந்து சொல்லித்தர்ற பொறுமையெல்லாம் கிடையாது. அவளுக்குத்தான் பொறுமை."

இதைவிடப் பெரிய பொய் அந்தக் குடும்பத்தில் சொல்லப்பட்டதில்லை. மகளின் பொறுமை ஒரு பாட்டில் மூடி திறக்காவிட்டால் அந்த நிமிடமே போய்விடும். மனைவியோ, முகவரி எழுதத் தெரியாமல் வருகிற வயதானவர்களுக்கு எழுதிக்கொடுத்து, அதையே இரண்டு முறை படித்துக்காட்டி, பின்னால் நிற்கிற வரிசையின் திட்டையும் வாங்கிக்கட்டிக்கொண்டவள். ஊசிக்காரருக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்ததால்தான் அவருக்கு அவ்வளவு வலித்தது. பொறுமை இல்லாதவள் இல்லை, தன் விஷயத்தில் மட்டும் பொறுமை தீர்ந்துபோனவள் என்று முடிவுகட்டிவிட்டார். ஆளுக்கு ஆள் ஊசி போட்டுக்கொண்டிருந்த காலத்தில் இனித்த புருஷன், கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டியவன் ஆனதும் கசந்துவிட்டான், அவ்வளவுதானே என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டார்.

வெளியேயும் ஒருநாள் கேட்டுவிட்டார். "என் பக்கத்துல உக்காரவே உனக்கு அலுத்துப்போச்சா?"

"ஆமா, அலுத்துப்போச்சுன்னே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

அதற்கப்புறம் மூன்று வாரம் அந்த வீட்டில் பேச்சு என்பது "சாப்பாடு வச்சிருக்கு", "ம்", "விளக்கை அணைக்கட்டா", "ம்" என்ற அளவில் நின்றுபோனது. செவ்வாய்க்கிழமைகளில் அவள் தபால் வேலையில் விருப்ப ஓய்வு வாங்கியதற்கான காகிதங்களுக்காக என்று சொல்லிவிட்டுக் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பினாள். வந்ததும் படுத்துக்கொண்டாள். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள் என்று இவர் இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். மச்சான் வந்து பார்த்துவிட்டு, "ஒரு போனுக்காகவா மாமா இவ்வளவு கோபம்? பேசாம ரெண்டு டப்பாவைக் கயித்துல கட்டிப் பேசிக்கங்க" என்றான். ஒருவரும் சிரிக்காததால் அவனே சிரித்துக்கொண்டு கிளம்பினான்.

சண்டையாக இருந்தாலும் வெளியே போனால் அவள்தான் கைத்துணை. பார்வை இல்லாதவரைக் கூட்டிப்போகிறவர் அவர் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, தன் முழங்கையை அவருக்குக் கொடுக்க வேண்டும், அவர் அதைப் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வருவார் என்று டீச்சர் சொல்லிக்கொடுத்திருந்தார். மனைவி எப்போதும் இடது முழங்கையைத்தான் கொடுப்பாள். அன்று சோப்பு வாங்கப் போகிற வழியில் குழாய் போடுவதற்காக நடைபாதையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பள்ளம் அவர் பக்கம் வந்துவிடாமல் இருக்க அவள் சட்டென்று பக்கம் மாறி வலது கையைக் கொடுத்தாள். இரண்டடி போனதும் அவர் கால் மண்மேட்டில் இடறியது. விழாமல் இருக்க அழுத்திப் பிடித்தார். கட்டைவிரல் அவளுடைய முழுக்கைச் சட்டைக்கு மேலாக முழங்கை மடிப்பில் போய் அழுந்தியது.

துணிக்கு அடியில் ஒரு பிளாஸ்திரி இருந்தது.

அவர் நின்றுவிட்டார். சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டு, விரலை வைத்து, பழக்கத்தில் கண்ணை மூடினார். பிளாஸ்திரிக்குக் கீழே ஒன்று, பக்கத்தில் ஒன்று, மணிக்கட்டுப் பக்கமாக இன்னொன்று. அங்கிருந்து முழங்கைவரை நரம்பு கயிறு மாதிரி விறைத்துக் கிடந்தது. இருபத்தெட்டு வருடத்தில் அந்த மாதிரி நரம்பை அவர் நூற்றுக்கணக்கில் தொட்டிருக்கிறார். எந்த நோய்க்காரர்களுக்கு, எந்த மருந்து ஏற்றினால் நரம்பு அப்படி ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவளும் எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்திருந்தாள். முழுக்கைச் சட்டை போட்டாள், செவ்வாய்க்கிழமைக்கு ஒரு காரணம் சொன்னாள், இடது கையையே கொடுத்துவந்தாள். அவர் கண்ணுக்குத் தப்பியவள் விரலுக்குத் தப்பவில்லை.

"யார் குத்தினது?" என்றுதான் முதலில் கேட்டார்.

அவள் சட்டைக் கையைக் கீழே இழுத்துவிடப் பார்த்தாள்.

"மூணு இடத்துல தேடியிருக்காங்க. மூணாவதுலதான் கிடைச்சிருக்கு. யார் அந்த ஆளு?"

"ஒரு சின்னப் பொண்ணு. வேலைக்குப் புதுசு போல."

"வலிச்சுதா?"

"உங்க கை மாதிரி வருமா?" என்றாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. தோண்டிப்போட்ட மண்ணுக்குப் பக்கத்தில், போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்க, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பேருந்து நிறுத்தத்தில் இரும்பு இருக்கை ஒன்று காலியாக இருந்தது. அங்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கணையத்தில் வந்திருக்கிறது. கண்டுபிடித்தபோதே பரவியிருந்தது. ஒரு வருடம் என்றார்கள், அதில் நான்கு மாதம் போய்விட்டது. இரண்டு பேருந்து மாறி ஊரின் அந்தக் கோடியில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போகிறாள்.

"உங்க ஆஸ்பத்திரிக்கு வந்தா, குழாயில என் பேரைப் பார்த்த அடுத்த நிமிஷம் உங்க ஆளுங்க உங்களுக்குப் போன் போட்டிருப்பாங்க. நல்லவேளை, இது முடி கொட்டாத மருந்து. இல்லைன்னா அன்னைக்கே பிடிச்சிருப்பீங்க."

"என்கிட்ட வந்திருக்கலாம்ல? ஊருக்கெல்லாம் வலிக்காம எடுத்தேன்."

"வந்திருந்தா உங்க கை நடுங்கியிருக்கும். அதை நான் பார்க்கணுமா?"

பேருந்துகள் வந்து நின்று போயின. ஏறச் சொல்லிக் கேட்ட ஒரு நடத்துனருக்கு அவள் கையை ஆட்டி வேண்டாம் என்றாள். ஊசிக்காரர் அவள் கையை விடவில்லை. மூன்று வாரம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவருக்கு நெஞ்சை அறுத்தது. மருந்து ஏறி வந்து சுருண்டு படுத்தவளை, மூஞ்சி தூக்குகிறாள் என்று நினைத்தோமே என்று கன்னத்தில் அறைந்துகொள்ளத் தோன்றியது.

"இப்போ புரியுதா, ஏன் மகளோடதுன்னு சொன்னேன்னு?"

"புரியலை. நான் உன்னோடதைத்தான் வாங்குவேன்."

"சின்னப் பிள்ளை மாதிரி பேசாதீங்க."

சின்னப் பிள்ளை மாதிரிதான் பேசினார். அவளுடையதை வாங்கினால் சொல்லிக்கொடுக்க அவள் இருந்தாக வேண்டும், மகளுடையதை வாங்கினால் அவள் போவதற்கு நாமே கையெழுத்துப் போட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று அவருக்குள் ஒரு கணக்கு ஓடியது. ஐம்பத்தேழு வயது மனிதருக்கு, அதுவும் ஆஸ்பத்திரியிலேயே காலத்தை ஓட்டியவருக்கு, அது அசட்டுக் கணக்கு என்று தெரியாமல் இல்லை. ஆனாலும் அதை விட மனம் வரவில்லை. மூன்று நாள் அதே இடத்தில் நின்றார். அவள் மூன்று நாளும் ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

"ஒண்ணைத்தான் கத்துக்கணும்னு டீச்சர் சொன்னாங்கல்ல? என்னோடதைக் கத்துக்கிட்டு, நான் இல்லாத அன்னைக்கு அது ஊமையாகிட்டா யார்கிட்ட கொண்டுபோய்க் கொடுப்பீங்க? தம்பிக்குக் காலையில ஒரு ஊர், மத்தியானம் ஒரு ஊர். மகதான் ரெண்டு தெருவுல இருக்கா. எனக்கு இருக்கற நாள்ல நானும் உங்களோட சேர்ந்து அதைக் கத்துக்கறேன். வேற எனக்கு என்ன வேலை?" இன்னொன்றும் சொன்னாள். "அவளுக்கு இன்னும் தெரியாது. நீங்க போனைக் கத்துக்கற வரைக்கும் சொல்ல வேண்டாம். இப்போன்னா சிரிச்சுக்கிட்டே சொல்லிக்கொடுப்பா. தெரிஞ்சுட்டா அழுதுக்கிட்டேதான் சொல்லிக்கொடுக்கணும்."

நான்காம் நாள் இருவரும் கடைக்குப் போனார்கள். கண்ணாடி மேஜைகள், பளீரென்ற விளக்குகள், கழுத்தில் அட்டை தொங்கும் விற்பனையாளர் ஒருவர். நாள் முழுக்க எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை அவர் இவரிடமும் கேட்டார்.

"ஐபோனா சார், ஆண்ட்ராய்டா?"

ஊசிக்காரர் கண்ணாடி மேஜையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டு நின்றார். பக்கத்தில் மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவர் கையில் தெரிந்தது. அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இதை அவர் வாயால்தான் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டாள். பின்னால் யாரோ வந்து வரிசையில் நின்றார்கள். விற்பனையாளர் இன்னொரு முறை கேட்கப்போனார்.

"ஐபோன்" என்றார் ஊசிக்காரர்.

அவள் மூச்சை விட்டாள். பாரத்தை இறக்கி வைத்தவள் விடுகிற மூச்சு அது. இத்தனை மாதமாக அவளுக்குப் பயம் நோயைப் பற்றி இல்லை, இந்த மனுஷனை யார் கையில் விட்டுப்போவது என்பதைப் பற்றித்தான் என்று அவருக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது.

"நல்ல முடிவு சார், பல வருஷம் கூடவே வரும்" என்றார் விற்பனையாளர். அவருக்கு என்ன தெரியும்?

போனைப் பிரித்து, பேசுகிற ஏற்பாட்டைப் போட்டு, எழுத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு நிரப்பிக்கொண்டே வந்தார். "கடைசியா ஒண்ணு. அவசரம்னா யாருக்கு சார் தகவல் போகணும்? பேரும் நம்பரும் சொல்லுங்க."

கல்யாணமான இருபத்தொன்பது வருடமாக இந்தக் கேள்விக்கு எந்தப் படிவத்திலும் அவர் யோசித்துப் பதில் எழுதியதில்லை. இப்போது மனைவி முந்திக்கொண்டாள். கவுண்டர் குரலில், தெளிவாக, நிறுத்தி நிறுத்தி, மகளின் பெயரையும் எண்ணையும் சொன்னாள். சரியாக எழுதிக்கொண்டாரா என்று திருப்பிச் சொல்லவும் சொன்னாள்.

"ஒருத்தர் பேர்தான் போடலாமா?" என்று கேட்டார் ஊசிக்காரர்.

"இல்ல சார், எத்தனை பேரை வேணும்னாலும் போடலாம்."

"அப்போ இவ பேரை முதல்ல போடுங்க."

"எதுக்குங்க?" என்றாள் அவள் அவர் காதருகில், விற்பனையாளருக்குக் கேட்காத குரலில். "அப்புறம் அழிக்கணுமே."

"போடுங்க சார்" என்றார் அவர். "இதுல எல்லாத்தையும் கத்துக்கறேன். அழிக்க மட்டும் கத்துக்கமாட்டேன்."

விற்பனையாளர் அவள் எண்ணைக் கேட்டார். ஊசிக்காரரே சொன்னார்.